10 கிராம் காபன் நனோகுழாய்: ஒரு றேடியோக் கடைக்காரன் பாவித்துப் பார்த்தது

சுன்னாகத்தில் முப்பத்தெட்டு வருடமாக றேடியோ, ரீவி திருத்துகிறேன். இப்போது றேடியோ கொண்டுவருபவர் மாதத்துக்கு ஒருவர் இருந்தால் பெரிய காரியம். கடை ஓடுவது றிமோட், அம்பிளிஃபயர், தராசு, கீபோர்ட் இவற்றால்தான். கடந்த மாசியில் குருநகர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் பாடகர் குழு மாஸ்ரர் ஒரு கீபோர்ட்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"அண்ணை, இருபது வருசப் பழசு. நடுவில ஒன்பது கட்டை ஊமை. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னம் வேணும்."

கழற்றிப் பார்த்தேன். நினைத்ததுதான். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு றப்பர்க் கிண்ணம் இருக்கும். அதன் அடியில் கறுப்பாகச் சின்ன வட்டம். கட்டையை அமத்தினால் அந்தக் கறுப்பு, பலகையில் உள்ள இரண்டு தடங்களைத் தொட்டு மின்னைக் கடத்தும். றிமோட்டில் உள்ளதும் அதே சங்கதிதான். அந்தக் கறுப்பு, காபன் கலந்த சிலிக்கோன் றப்பர். வருடக்கணக்கில் அடி வாங்கினால் அதன் மின்தடை ஏறிவிடும். புது றப்பர்ப் பட்டி வாங்கலாம் என்றால் அந்த மொடலுக்கு எங்கும் இல்லை.

இதற்கு என்னிடம் பழைய வைத்தியம் இருந்தது. 6பி பென்சிலால் தேய்ப்பது. இல்லாவிட்டால் தீர்ந்த பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் காபன் குச்சியை அரைத்து ஒட்டுவது. 90களில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம். அந்த நாளில் ஒரு காபன் குச்சியைக்கூட நாங்கள் எறிந்ததில்லை. ஆனால் காரீயத்தூள் தாளில் பென்சில் கீறு நிற்கிற மாதிரித்தான் நிற்கும். பத்து நாளில் தேய்ந்துவிடும். பாட்டுக்காரரிடம் பத்து நாள் வைத்தியம் எடுபடாது.

இதை ரொறன்ரோவில் இருக்கும் மருமகனிடம் தொலைபேசியில் கதைக்கும்போது சொன்னேன். அவன் பொறியியல் படித்தவன். "மாமா, பல்சுவர்க் காபன் நனோகுழாய் வாங்கிச் சிலிக்கோனுக்குள்ள கலந்து பாருங்கோ" என்றான். இணையத்தில் ஓடர் போட்டதும் அவன்தான். வழியில் எங்கோ ஐந்து வாரம் கிடந்துவிட்டுக் குப்பி வந்து சேர்ந்தது. கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று சைக்கிள் ரயரின் விலை.

10 கிராம் என்றதும் ஒரு தேக்கரண்டி அளவு வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஜாம் போத்தல் அளவு. தூளில் பெரும்பகுதி காற்று. போத்தலைச் சாய்த்தால் தூள் விழாது, உருளும். பஞ்சும் கரியும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி. ஒட்டியிருந்த சீட்டில் நாலே வரி: வெளி விட்டம் 10 முதல் 20 நனோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு), நீளம் 10 முதல் 30 மைக்கிரோமீற்றர், தூய்மை 95 வீதத்துக்கு மேல், தயாரித்த முறை ஆவிப்படிவு. எப்படிக் கலப்பது, எதில் கரைப்பது, மூக்கை மூட வேண்டுமா, ஒன்றும் இல்லை. விற்றவர்மேல் எனக்குள்ள முதல் குறை அதுதான். இரண்டாவது குறை, மூடி தளர்ந்திருந்தது.

அந்த நாலு வரியை விளங்கிக்கொள்ளவே எனக்கு இரண்டு இரவு பிடித்தது. காரீயம் என்பது காபன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருப்பது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் நம் நாட்டிலேயே எடுக்கிற சாமான். அதில் ஒரு தாளைச் சுருட்டி விளிம்போடு விளிம்பைப் பொருத்தினால் ஒற்றைச் சுவர்க் குழாய். அப்படிப் பல குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தால் பல்சுவர்க் குழாய். யாழ்ப்பாணச் சுருட்டை நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அது பிழை. சுருட்டில் ஒரே இலை சுற்றிச் சுற்றிப் போகும், இங்கே ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக மூடிய குழாய். அரை அங்குலக் குழாயை முக்காலுக்குள்ளும் முக்காலை ஒரு அங்குலத்துக்குள்ளும் விட்டுவைத்த மாதிரி. சுவருக்குச் சுவர் இடைவெளி 0.34 நனோமீற்றர். என் குப்பியில் உள்ள ஒரு குழாய்க்குப் பத்துப் பதினைந்து சுவராவது இருக்கும். ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் அப்படி அறுபதாயிரம் குழாய்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.

ஒற்றைச் சுவர் ஏன் வேண்டாம், பல்சுவர் ஏன் வேண்டும் என்று மருமகனிடம் கேட்டேன். ஒற்றைச் சுவர்க் குழாய் எந்தச் சரிவில் சுருண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு உலோகம் போலக் கடத்தும், மற்ற இரண்டு பங்கும் குறைகடத்தி. அதோடு விலையும் பல மடங்கு. பல்சுவரில் பத்துச் சுவரில் ஏதாவது ஒன்று உலோகக் குணமுள்ளதாக இருந்தாலே போதும், குழாய் கடத்திவிடும். என்னைப்போல் மீற்றரும் கையுமாக இருக்கிறவனுக்கு இது காணும்.

முதல் நாளே ஒரு மடைத்தனம் செய்தேன். சீலிங் ஃபான் சுற்றிக்கொண்டிருக்க மூடியைத் திறந்துவிட்டேன். ஒரு சிட்டிகைத் தூள் எழும்பிப் பறந்தது. மனிசி அன்று காலை தோய்த்துக் காயப்போட்டிருந்த வெள்ளைச் சாரம் இன்னும் சாம்பல் நிறம். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சாரம் போனால் போகட்டும், பெரிய விஷயம் சுவாசப்பை. இந்தக் குழாய்கள் மெல்லிய நீண்ட நார்கள். அஸ்பெஸ்ரோஸும் அப்படித்தான். 2008 இல் ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் நீளமான பல்சுவர்க் குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தபோது, அஸ்பெஸ்ரோஸ் உண்டாக்குவது போன்ற அழற்சியே வந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2014 இல் கூடி, பல்சுவர்க் குழாய்களில் ஒரு குறிப்பிட்ட ஜப்பானிய வகையை மட்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளுக்குப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. அமெரிக்காவில் வேலைத்தலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013 இல் விதந்துரைத்த எல்லை, ஒரு கனமீற்றர் காற்றில் 1 மைக்கிரோகிராம். என் குப்பியில் இருந்தது ஒரு கோடி மைக்கிரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்த அன்றே, கொரோனா நேரம் வாங்கி மிஞ்சியிருந்த என்95 முகக்கவசத்தைத் தேடி எடுத்தேன். ஃபானும் நிப்பாட்டு. இப்போது போத்தலைத் திறக்கும் முன் ஊசி சிறிஞ்சால் தின்னரை உள்ளே விட்டு, தூளை நனைத்த பிறகுதான் கரண்டி போடுகிறேன். நனைந்தால் பறக்காது. விற்றவர் இந்த ஒரு வரியையாவது சீட்டில் அச்சடித்திருக்கலாம்.

உண்மையான சாமானா, ஏமாற்றா என்ற சந்தேகம் அடுத்தது. கறுப்புத் தூளை ஒரு போத்தலில் போட்டு எந்தப் பெயரையும் ஒட்டலாம். நான் இரண்டு சோதனை வைத்தேன். உடைந்த லவுட்ஸ்பீக்கரின் காந்தத்தைப் போத்தலுக்குப் பக்கத்தில் பிடித்தபோது தூள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்தக் குழாய்களை வளர்க்க இரும்பு, கோபாற்று, நிக்கல் போன்ற உலோகத் துணுக்குகளை ஊக்கியாக வைப்பார்கள். ஐதரோகாபன் வாயு சூட்டில் உடைய, காபன் அந்தத் துணுக்கின்மேல் குழாயாக வளரும், சீட்டில் இருந்த ஆவிப்படிவு இதுதான். துணுக்கு உள்ளேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. அந்த மிச்சம்தான் காந்தத்துக்கு அசைந்தது. விளக்குக் கரி அசையவில்லை.

இரண்டாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. அரிக்கன் லாம்புச் சிமினியில் படிந்த கரியைச் சுரண்டி, சிலிக்கோனில் நூற்றுக்கு மூன்று பங்கு கலந்தேன். இன்னொரு மூடியில் நனோகுழாயை அதே அளவு கலந்தேன். காய்ந்தபின் மீற்றரை வைத்தேன். கரிச் சிலிக்கோன்: ஒன்றும் இல்லை, ஊசி அசையவே இல்லை. நனோகுழாய்ச் சிலிக்கோன்: இரண்டு மூன்று இடத்தில் சில மெகா ஓம் காட்டியது, மற்ற இடத்தில் ஊசி அசையவில்லை.

கடத்தியது சந்தோஷம். இடத்துக்கிடம் மாறியது துக்கம். சில இடத்தில் கறுப்பு உருண்டை, சில இடத்தில் வெறும் சிலிக்கோன். எண்ணெய் காணாத தலைமுடிச் சிக்கு மாதிரித்தான் இந்தத் தூள். குழாய்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தீக்குச்சியால் எவ்வளவு நேரம் கிண்டினாலும் சிக்குப் பெரிய சிக்காகவும் சின்னச் சிக்காகவும் பிரியுமே தவிர இழையாகப் பிரியாது. தண்ணீரில் போட்டால் மேலே மிதக்கும். கோப்பை கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினால் மை மாதிரி ஆகும், ஆனால் சற்று நேரத்தில் அடியில் தங்கிவிடும்.

கஸ்தூரியார் வீதியில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நகை கழுவும் அல்ட்ராசொனிக் தொட்டி உண்டு. தண்ணீருக்குள் ஒலி அதிர்வை விட்டு அழுக்கை உதிர்க்கிற பெட்டி. நனோகுழாயைத் தின்னரில் நனைத்துக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, அந்தத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினோம். பத்து நிமிடம் விட்டு, பத்து நிமிடம் ஆறவைத்து, இப்படி ஆறு தரம். தின்னரை நேரடியாகத் தொட்டிக்குள் ஊற்றுவது நெருப்புக்கு அழைப்பு வைப்பது போல, அதைச் செய்யவேண்டாம். அதிர்வை மணிக்கணக்கில் விட்டால் குழாய்கள் முறிந்து குட்டையாகிவிடும் என்றும் மருமகன் எச்சரித்தான். ஆறாவது தரம் எடுத்துப் பார்த்தபோது போத்தலில் இருந்தது இந்தியன் இங்க் மாதிரி, ஒரு பொட்டு உருண்டை இல்லை. அதற்குள் வினாகிரி மணக்கும் சாதாரண சிலிக்கோனைக் கரைத்து, தின்னர் பறக்கும்வரை வெளியில் வைத்துக் கிண்டினேன். மூக்கை எரிக்கும், வீட்டுக்குள் செய்யமுடியாத வேலை.

அதே மூன்று பங்கு. இந்த முறை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் எங்கே வைத்தாலும் மூன்று கிலோ ஓம், நாலு கிலோ ஓம். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

ஏன் மூன்று பங்கு நனோகுழாய் செய்வதை மூன்று பங்கு கரி செய்யவில்லை? முற்றத்தில் ஒரு பிடி புளியங்கொட்டையை எறியுங்கள். ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடக்கும். தொடவேண்டும் என்றால் முற்றம் நிறையக் கொட்டவேண்டும். அதே எடைக்கு ஈர்க்கை எறியுங்கள். ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுந்து, ஒரு மூலையில் இருந்து மறுமூலைக்கு எறும்பு இறங்காமல் போகலாம். குழாயின் நீளம் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்கு. ஈர்க்குக்குக்கூட அந்த விகிதம் இல்லை. இலத்திரன்தான் எறும்பு. கொஞ்சம் போட்டாலே காணும் என்பதால் றப்பர் றப்பராகவே இருக்கிறது. கரியைப் பதினைந்து இருபது பங்கு போட்டால் சிலிக்கோன் விறைத்துப்போகும்.

இதே காரணத்துக்காகத்தான் பெரிய கொம்பனிகளும் இதைப் பாவிக்கின்றன என்று பிறகு வாசித்தேன். வாகனத்தில் பெற்றோல் ஓடும் பிளாஸ்ரிக் குழாயில் உராய்வால் நிலைமின் சேர்ந்து பொறி தட்டக்கூடாது என்பதற்காகப் பிளாஸ்ரிக்குக்குள் கலக்கிறார்கள். சிப்புகளை ஏற்றி இறக்கும் தட்டுகளிலும் அப்படி. இன்று மிகக் கூடுதலாகப் போவது லிதியம் அயன் பற்றரிக்குள். நேர்முனைத் தூள் நன்றாகக் கடத்தாது, அதன் துணிக்கைகளுக்கு இடையே ஈர்க்குப்போல் ஓடிப் பாலம் போடுவது இந்தக் குழாய். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஃபோனுக்குள்ளேயே கொஞ்சம் இருக்கலாம்.

கீபோர்ட்டுக்கு வருவோம். பழைய கறுப்பு வட்டத்தை ஸ்பிரிற்றால் துடைத்து, ஊசி முனையால் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் காயவிட்டேன். பலகையில் இருந்து கழற்றிய நிலையில்தான் காயவிடவேண்டும். காயும்போது வெளிவரும் வினாகிரி ஆவி செம்புத் தடத்தைப் பச்சையாக்கிவிடும். காய்ந்தபின் மேலே மெல்லிய பால்தோல் மாதிரி வெறும் சிலிக்கோன் படிந்திருந்தது, அது கடத்தவில்லை. நுண்ணிய எமரித் தாளைத் தண்ணீரில் தொட்டு நாலு இழுவை. காய்ந்தபடி தேய்த்தால் மறுபடி தூசு, மறுபடி முகக்கவசம். அதன்பிறகு ஒன்பது கட்டையும் பேசின.

ஆனால் இரண்டு கட்டை கத்தின. நான் யோசிக்காத விஷயம் இது. கீபோர்ட்டில் ஒரு கட்டைக்கு இரண்டு வட்டம். ஒன்று முந்தித் தொடும், மற்றது பிந்தித் தொடும், இடைப்பட்ட நேரத்தைப் பார்த்துத்தான் நீங்கள் மெதுவாகத் தொட்டீர்களா ஓங்கி அடித்தீர்களா என்று உள்ளே உள்ள சிப் முடிவெடுக்கும். என் பொட்டு ஒரு மயிரளவு தடித்துப்போனதால் இரண்டும் அடுத்தடுத்துத் தொட்டு, மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்ததாகக் கணக்காகிவிட்டது. ஒன்றைத் தேய்த்துச் சரிப்படுத்தினேன். மற்றதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி, இந்தத் தூளைப் பற்றி இணையத்தில் அடிக்கிற மற்றப் புழுகுகள். 'உருக்கைவிட நூறு மடங்கு வலிமை' என்று போட்டிருப்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. 2000 இல் அமெரிக்காவில் பல்சுவர்க் குழாய்களை ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டிக்குள் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அது அறும்போது வெளிச்சுவர் தாங்கிய வலு 11 முதல் 63 ஜிகாபாஸ்கல். கட்டடக் கம்பி அரை ஜிகாபாஸ்கலைச் சுற்றித்தான். ஆனால் அறுவது வெளிச்சுவர் மட்டும். உள்சுவர்கள் உறையில் இருந்து உருவிய வாள் மாதிரி வழுக்கி வெளியே வந்துவிடும். அந்த வலுவைப் பசைக்குள் கொண்டுவருவதற்குப் பசை குழாயைப் பிடிக்கவேண்டும், குழாய்கள் சிக்கில்லாமல் பிரிந்திருக்கவேண்டும். நான் அரல்டைற்றில் கையால் கலந்து, முறிந்த ரீவி ஸ்ராண்டின் காலை ஒட்டினேன். வெறும் அரல்டைற் எவ்வளவு தாங்கியதோ அவ்வளவுதான் தாங்கியது. முறிந்த இடத்தைப் பார்த்தால் ஒரு கறுப்பு உருண்டை இருந்த இடத்தில்தான் வெடிப்பே தொடங்கியிருக்கிறது. மயிலிட்டியில் ஃபைபர் போட் திருத்தும் என் மச்சான் "எனக்குக் கொஞ்சம் தா" என்று கேட்டான். தரவில்லை. அவனுக்கு நல்ல கண்ணாடிநார்ப் பாயும் றெசினும் காணும்.

வெப்பம் கடத்துவதிலும் இதே கதை. தனிக் குழாய் ஒன்றை அளந்தால் செம்பைவிடப் பல மடங்கு. அந்தப் பேச்சை நம்பி, அம்பிளிஃபயர் ட்ரான்சிஸ்ரருக்குப் பூசும் வெள்ளைப் பசையில் ஒரு சிட்டிகை கலந்தேன். சூடு குறைந்ததாகத் தெரியவில்லை. குழாய்க்குக் குழாய் தொடும் இடமெல்லாம் வெப்பத்துக்கு வேலி. அதற்கு மேலாக, பசை, இடையில் மின்னைத் தடுக்க வைத்த மைக்காத் தகட்டின் ஓரத்தைத் தாண்டி வழிந்து, ட்ரான்சிஸ்ரரையும் அலுமினியத்தையும் இணைத்துவிட்டது. டப் என்று ஃபியூஸ் போனது. மின்னைக் கடத்தும் தூளை மின் கடத்தக்கூடாத இடத்தில் பூசிய என் மூளைக்கு அன்று ஓய்வுநாள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லவேண்டும். உலகம் இந்தக் குழாய்களைக் கவனித்தது 1991 இல். ஜப்பானின் என்.ஈ.சி ஆய்வுகூடத்தில் சுமியோ இஜிமா, இரண்டு காபன் கோல்களுக்கு இடையே மின்வில் எரித்து, எதிர்முனையில் படிந்ததை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அவர் கண்டது பல்சுவர்க் குழாய்தான். ஒற்றைச் சுவர் 1993 இல்தான் வந்தது. 1952 இலேயே இரண்டு ருஷ்யர்கள் உள்ளே வெறுமையான காபன் இழைகளின் படத்தை அச்சிட்டிருக்கிறார்கள், ருஷ்ய மொழியில் கிடந்ததால் மேற்கில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது வேறு. நான் தொழில் பழகிய காலத்தில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் இரண்டு காபன் குச்சிகளுக்கு இடையே மின்வில் எரித்துத்தான் திரைக்கு வெளிச்சம் விட்டார்கள். எரிந்து மிஞ்சிய குச்சித் துண்டுகளை ஒப்பரேற்றரிடம் வாங்கி வருவோம். அங்கே எரிந்தது காற்றில், இஜிமா எரித்தது காற்றை வெளியேற்றி ஆகன் வாயு நிரப்பிய பெட்டியில். அதனால் எங்கள் துண்டுகளில் குழாய் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. கீழடி மட்பாண்டங்களின் கறுப்புப் பூச்சில் காபன் நனோகுழாய்கள் இருப்பதாக 2020 இல் வேலூர் ஆய்வாளர்கள் எழுதியதை வாசித்த பிறகு, அந்தத் துண்டுகளை எறிந்ததற்கு மனம் கொஞ்சம் அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

யார் வாங்கலாம்? றிமோட் மட்டும் திருத்துகிறவர் வேண்டாம். புது றிமோட் சில நூறு ரூபாய், உங்கள் ஒரு நாள் கூலி அதைவிடக் கூட. உதிரிப்பாகம் கிடைக்காத கீபோர்ட், பழைய தராசு, தையல் மெஷின் பலகை இவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு 10 கிராம் ஆயுளுக்கும் போதும். ஒரு கிராமே முப்பது கிராமுக்கு மேல் பசை தருகிறது, நான் இன்னும் முதலாவது கிராமைத் தாண்டவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குத் தூளாக வாங்கவேண்டாம், ஏற்கெனவே திரவத்தில் கலந்து விற்பதும் உண்டு, விலை கூட என்றாலும் அதை வாங்குங்கள். சோப்புத் தண்ணீரில் கலந்த மையால் பேரன் தாளில் ஒரு கோடு கீறி, ஒன்பது வோல்ற் பற்றரியோடு சின்ன எல்.ஈ.டி ஒன்றை மங்கலாக எரியவிட்டான். இரண்டு நாளாக வீட்டில் அதுதான் கதை.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மருமகன் கேட்கிறான், அவன்தான் அங்கே போடவேண்டும். சாமானுக்கு நாலு. சீட்டுக்கும் மூடிக்கும் சேர்த்து ஒன்று. கூட்டிப் பிரித்து அவனே போடட்டும்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் மாஸ்ரர் வந்து கீபோர்ட்டை ஏற்றிக்கொண்டு போனார். கத்துகிற மற்றக் கட்டையைச் சரிசெய்ய எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் இரண்டு தரம் அமத்திப் பார்த்தார்.

"பரவாயில்லை அண்ணை, அதை மட்டும் பூத்தொடுற மாதிரித் தொடுறன். பாஸ்கு முடியக் கொண்டுவாறன்."

இன்னும் கொண்டுவரவில்லை.